விலைச்சோறும் விருந்தும்: திருப்பூர் உணவகங்கள் கூறும் வரலாறு

தோற்றுவாய்

திருப்பூரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பஞ்சு, பனியன், சாயம் என்னும் மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆலைகள் எப்போது எழுந்தன, ஏற்றுமதி எவ்வாறு வளர்ந்தது, நொய்யல் ஏன் நிறம் மாறியது என்பன குறித்து நூல்களும் அறிக்கைகளும் உள்ளன. அந்தப் பனியனைத் தைத்தவர்கள் எங்கே உண்டார்கள், எதை உண்டார்கள், எவர் அருகில் அமர்ந்து உண்டார்கள் என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே.

ஒரு நகரம் யாரால் ஆக்கப்பட்டது என்பதற்குத் தொழிற்கூடங்களின் பதிவேடுகள் ஒரு சான்று. அந்நகரின் சாப்பாட்டுக் கடைகள் மற்றொரு சான்று. சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாத தொழிலாளியும் ஏதோ ஒரு கடையில் நாள்தோறும் உண்டவரே. திருப்பூரின் தெருக்களில் மதுரை, செட்டிநாடு, கேரளம், பீகார் எனப் பலகைகளில் ஏறியிருக்கும் ஊர்ப்பெயர்களைத் தோன்றிய காலமுறைப்படி அடுக்கிப் படித்தால், அது அந்நகரின் குடியேற்ற வரலாறாகவே அமையும். அவ்வரலாற்றையும், தமிழர் போற்றும் விருந்தோம்பல் என்னும் பண்பு அதில் எந்த இடத்தைப் பெறுகிறது என்பதையும் ஆராய்வது பயனுடையது.

சோறு விற்றலும் சோறு இடுதலும்

பெருநகரமும் விலைக்கு விற்கும் உணவும் தமிழகத்தில் ஒருங்கே காணப்படுபவை. மதுரையின் இரவு அங்காடியில் அடையும் மோதகமும் விற்ற கூவியரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் குடியிருந்தோரைச் சொல்லி வரும் சிலப்பதிகாரம், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் சுடும் கூவியரையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறது. பல நாட்டார் கலந்து வாழும் ஊரில் அடுப்பில்லாதவர் இருப்பர் என்பதைப் பழம்புலவர்கள் அறிந்திருந்தனர்.

ஆயினும் சிற்றூர்களின் மரபு வேறு. அங்குச் சோற்றை விலைக்கு விற்பது இழிவாகக் கருதப்பட்டது. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. அறிமுகமானவருக்குத் திண்ணை இருந்தது. மணிமேகலையின் அமுதசுரபி முதல், வள்ளலார் 1867 ஆம் ஆண்டு வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலை வரை, யார் எவர் என்று கேளாமல் சோறிடும் இலட்சியமும் தமிழில் தொடர்ந்து வந்துள்ளது. ஆனால் நடைமுறையில் பல சத்திரங்களிலும் ஊர் விருந்துகளிலும் பந்தி சாதியின் முறைப்படியே அமர்ந்தது. அறச்சோற்றிலும் வரிசை உண்டு என்பதே பெரும்பாலோரின் அனுபவம்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் முக்கியமான அரசியல் பூசல்களுள் சில உண்ணும் இடத்தைப் பற்றியனவாகவே இருந்தமை இதனாலேயே. 1920களின் நடுவில் வ. வே. சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி, தேசிய இயக்கத்தையே பிளக்கும் விவாதமாக வளர்ந்தது. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் முறை, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941 ஆம் ஆண்டு நீங்கியது. 1957 ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி மாதக்கணக்கில் மறியல் நடைபெற்றது. ஓர் உணவகத்தின் பலகையில் எழுதப்படும் சொல் வெறும் விளம்பரம் அன்று என்பதற்கு இப்போராட்டங்கள் சான்று.

பஞ்சுச் சந்தையும் காப்பி கிளப்பும்

1862 ஆம் ஆண்டு சென்னை இரயில்வேயின் இருப்புப்பாதை சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூரை எட்டியபோது, திருப்பூர் அப்பாதையில் அமைந்த ஊராயிற்று. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசலும் செம்மண்ணும். நடுவே இரயில் நிலையம். பஞ்சுச் சந்தையும் கொட்டை நீக்கும் ஆலைகளும் அங்கு வளர்ந்ததற்கு இதுவே காரணம். பின்னர்க் கதர் இயக்கக் காலத்தில் இவ்வூர் தமிழகத்தின் கதர் மையமாகத் திகழ்ந்தது. 1925 இல் தோன்றிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழகக் கிளை இங்கிருந்தே இயங்கியது. காந்தியடிகள் பலமுறை வந்து சென்றார். 1932 ஆம் ஆண்டு சனவரியில் குமரன் தடியடிபட்டு உயிர்நீத்ததும் இவ்வூரிலேயே.

அக்காலத்து மக்களின் உணவு எளியது. கோவை மாவட்டம் வானம் பார்த்த பூமி. 1887 ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கல்சனின் கோவை மாவட்டக் கையேடு கம்பையும் சோளத்தையும் இம்மாவட்டத்தின் தலைமைத் தானியங்களாகக் காட்டுகிறது. கம்பங்களியும் சோளச்சோறும் அன்றாட உணவாக இருக்க, நெல்லுச்சோறு நோன்பு நாளுக்கும் விருந்துக்கும் உரியதாயிற்று. 1950களில் பவானிசாகர் அணையும், 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனமும் வந்தபின்பே இவ்வட்டாரத்தின் உலையில் நெல்லரிசி நிலைபெற்றது.

சந்தைக்கும் இரயிலுக்கும் வந்துபோவோர் பெருகிய தமிழக ஊர்களில் எல்லாம் முதலில் தோன்றியவை காப்பி கிளப்புகள். இட்லி, தோசை, காப்பி என்னும் பண்டங்களைப் பிராமணச் சமையற்காரர்களும் பின்னர் உடுப்பிக்காரர்களும் நகரம்தோறும் கொண்டு சென்றனர். சென்னையில் உடுப்பி கிருஷ்ணராவ் 1938 இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் இவ்வகைக்குப் பெயர்பெற்ற சான்று. காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) என்னும் நூல் விரிவாக ஆராய்கிறது. அப்பிரிவினையைத் திருப்பூரில் கண்கூடாகக் காணலாம். பஞ்சு வணிகரின் ஊராக இருந்தவரை அது காப்பியின் ஊர். பனியன் தொழிலாளியின் ஊரானபின் அது தேநீரின் ஊராயிற்று. தேநீர்க் கடையைப் ‘பேக்கரி’ என்று அழைப்பது கோவை, திருப்பூர் வட்டாரத்து வழக்கு. ரொட்டி சுடும் அடுப்பு உண்டோ இல்லையோ, கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் பப்ஸும் இருக்க, வாசலில் தேநீர் ஆற்றும் இடம் எதுவும் அங்குப் பேக்கரியே. இக்கடைகளில் பல பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மலையாளிகளால் நடத்தப்பட்டவை.

பனியனும் பரோட்டாவும்

பின்னலாடைத் தொழில் திருப்பூரில் 1925 ஆம் ஆண்டளவில் சிறு அளவில் தொடங்கியது. விடுதலைக்குப் பின் உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் உற்பத்தி பெருகியது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்களின் வருகையோடு நேரடி ஏற்றுமதி வலுப்பெற்றது. 1990 இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 1961 இல் ஏறத்தாழ 80 ஆயிரம் மக்கள் வாழ்ந்த ஊர், 2011 கணக்கெடுப்பில் விரிந்த மாநகர எல்லையையும் சேர்த்தால் 8 இலட்சத்து 77 ஆயிரத்தைத் தாண்டியது. இப்பெருக்கம் பிறப்பால் மட்டும் வந்ததன்று. மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, தஞ்சை என மழை பொய்த்த மாவட்டங்களிலிருந்தும் வேலை குறைந்த ஊர்களிலிருந்தும் இளைஞர்களும் குடும்பங்களும் இங்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களோடு அவர்களின் சமையலும் வந்தது. மதுரைக்காரரின் சால்னாவும், விருதுநகர்க்காரரின் எண்ணெய்ப் பரோட்டாவும், செட்டிநாட்டு மிளகுக் குழம்பும், திண்டுக்கல் பிரியாணியும் ஒரே சாலையில் அடுத்தடுத்து வேகத் தொடங்கின. ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதுவது சுவைக்கு உறுதி கூறுவது மட்டுமன்று. “உன் ஊர்க்காரன் இங்கிருக்கிறான்” என்று அறிவிப்பதுமாகும். வேலை தேடி வந்தவருக்கு முதல் முகவரியாக இருந்தது பெரும்பாலும் ஓர் உணவகமே. அறை எங்கே கிடைக்கும், எந்தக் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் வேண்டும், ஊருக்குப் போகிறவர் யார் என்னும் செய்திகள் அங்குச் சோற்றோடு பரிமாறப்பட்டன.

திருப்பூரின் வேலைமுறையே அதன் உணவுமுறையை வகுத்தது எனலாம். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ‘ஒன்றரை ஷிப்ட்’ அங்கு வழக்கமாக நிலைத்தது. கட்டிங் மேசையிலும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கு, இரவில் உடனே கிடைப்பதாகவும் வயிறு நிறைப்பதாகவும் கைக்கு எட்டும் விலையிலும் உணவு வேண்டும். பரோட்டா அத்தேவைக்குப் பொருந்தியது. 1960களின் அரிசித் தட்டுப்பாடும், அமெரிக்கக் கோதுமையின் வரவும் மைதாவைத் தமிழகத்தில் பரவலாக்கியிருந்தன. இரண்டு பரோட்டாவும் கேட்ட அளவு சால்னாவும் இருந்தால் வேறு தொடுகறி வேண்டியதில்லை. வாரக்கூலி சனிக்கிழமைதோறும் வழங்கப்படுவதால், பரோட்டாக் கல்லும் கொத்தும் ஓசையும் சனி இரவில் உச்சம் பெறும். ஞாயிறு இறைச்சிக்கு உரியது. வாரத்தின் பிற நாட்களில் மெஸ்ஸில் கணக்கு எழுதப்படும். சனி மாலையில் அது தீர்க்கப்படும். இவ்வாறு ஆலையின் சம்பள நாளே உணவகத்தின் நாட்காட்டியாயிற்று.

கோழி இவ்வட்டாரத்து உணவகங்களில் ஆட்டிறைச்சியை முந்தியதற்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. பல்லடம் தென்னிந்தியாவின் பிராய்லர் கோழி வளர்ப்பு மையங்களுள் ஒன்று; அங்குள்ள குழு நாள்தோறும் அறிவிக்கும் கொள்முதல் விலையே பல ஊர்ச் சந்தைகளுக்கு அளவுகோல். பெரிய குண்டாவும் அண்டாவும் வேண்டுவோர் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நகரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்குத் தலைமுறைகளாகப் பெயர்பெற்றது. பனியனுக்கு உலகப்புகழ் கிடைத்த ஊரில், சமையற்கூடங்களை நிரப்பிய பாத்திரத் தொழிலாளரின் பெயர் அவ்வளவாக வெளியே தெரியவில்லை.

பலகையில் தாமதமாக ஏறிய கொங்குச் சமையல்

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. எல்லா ஊர்ச் சமையலும் பலகை மாட்டிக்கொண்ட திருப்பூரில், அம்மண்ணுக்கே உரிய கொங்குச் சமையல் நெடுங்காலம் பலகை ஏறவில்லை. அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பு, சந்தகையும் தேங்காய்ப்பாலும், பச்சைப்புளி இரசம், இராகிக் களி, கச்சாயம், ஒப்புட்டு ஆகியவை வீட்டு அடுப்பிலேயே தங்கின. ஊத்துக்குளி வெண்ணெய் ஊர் ஊராகச் சென்றது. அவ்வெண்ணெயை உருக்கி ஊற்றி உண்ட களி ஊரைத் தாண்டவில்லை.

காரணம் எளிது. வீடு உள்ளவருக்குத் தம் வீட்டுச் சோற்றை விலைக்கு வாங்கும் தேவை இல்லை. ஒரு சமையல் பலகை ஏறுவது, அதை உண்டு வளர்ந்தவர் ஊரைப் பிரியும்போதுதான். மதுரைச் சமையல் திருப்பூரில் பலகை ஏறியது மதுரைக்காரர் பிரிந்து வந்ததனால். கொங்குச் சமையல் உணவகப் பட்டியலில் இடம்பெறத் தொடங்கியது, நிலத்தை விட்டு நகருக்குள் குடியேறிய கொங்குக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை களி கிண்டுவதை மறந்தபோது. விசைத்தறி ஊரான பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் வரமிளகாய்க் கோழிக்கறியும், சிந்தாமணிக் கோழியும் இன்று உணவகங்களின் பெருமையாக விளங்குகின்றன. பெருமையோடு கலந்து ஓர் இழப்பும் அதில் இருக்கிறது. கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து 2000 ஆம் ஆண்டு பெருமாள்முருகன் வெளியிட்ட அகராதியைப் போல, வட்டார உணவையும் அதன் செய்முறைப் பெயர்களோடு தொகுக்க வேண்டிய தேவை இங்கு எழுகிறது.

மறுபுறம், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பண்டத்தைக் கோவை, திருப்பூர் வட்டாரம் தானே உருவாக்கிக்கொண்டது. மாலை நேரத் தள்ளுவண்டிகளில் ‘காளான்’ என்ற பெயரில் விற்கப்படுவது அது. பெயர் காளானாயினும் முட்டைக்கோசே மிகுதி. மாவில் புரட்டிப் பொரித்ததை மசாலாக் குழம்பில் மசித்து, வெங்காயமும் கொத்துமல்லியும் தூவித் தட்டில் இடுவர். சீனச் சமையலின் சாயலும், வட இந்திய மசாலாவும், உள்ளூர்க் காரமும் கலந்த இது, எந்தச் சாதியின் அடுப்பிலும் பிறக்காதது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் தெருவில் நின்றவாறே உண்ணும் உணவு அது.

பெண்களும் பொட்டலமும்

திருப்பூர் உணவகங்களின் வரலாற்றைப் பெண்களை நீக்கி எழுத இயலாது. பின்னலாடைத் தொழிலில் பெண் தொழிலாளர் பெருந்தொகையினர். பன்னிரண்டு மணி நேரம் பிசிர் வெட்டியும் துணி மடித்தும் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலை காத்திருக்கும். கடைகளில் பாக்கெட்டில் விற்கும் இட்லிமாவும், உணவகத்திலிருந்து கட்டிவரும் பொட்டலமும் அவ்வேலையின் சுமையைச் சிறிதேனும் இறக்கின. ‘பார்சல்’ என்னும் சொல் திருப்பூர்க் குடும்பங்களில் சோம்பலின் பெயரன்று. ஒரு பெண் அன்றிரவு சற்று முன்னதாகப் படுக்க முடிந்ததன் பெயர்.

பரோட்டாக் கடையின் பெஞ்சு நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. தமிழக உணவகங்களில் ‘குடும்ப அறை’ என்று பலகை மாட்டித் திரை தொங்கவிட்ட காலம் உண்டு. தனியே வரும் பெண் எங்கே அமர்வது என்பதற்கு அப்பலகையில் விடை இல்லை. அதனால் பெண்கள் வாசலில் நின்று பொட்டலம் வாங்கிச் சென்றனர். ஆனால் சமையற்கட்டின் பின்புறத்தில் காய் நறுக்கியவரும் மாவரைத்தவரும் பாத்திரம் துலக்கியவரும் பெண்களே. தம் வீட்டு முன்னறையிலேயே நான்கு பேருக்குச் சமைத்துப் போடத் தொடங்கி, நாற்பது பேர் உண்ணும் மெஸ்ஸாக வளர்த்த பெண்களும் இத்தகைய தொழில் நகரங்களில் உண்டு. அவர்களின் முதலீடு கைப்பக்குவமும் கடன் சொல்வோரை நம்பும் துணிவுமே.

2013 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி, அவ்வாண்டே திருப்பூர் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளுக்கும் விரிந்த அம்மா உணவகத்தில் சமைப்போர் மகளிர் சுயஉதவிக் குழுவினர். ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார்ச் சோறு, மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சோறு என்னும் விலையில் அங்கு நின்றுண்போரிடம் ஊரோ சாதியோ கேட்கப்படுவதில்லை. வடலூரின் இலட்சியம், சிறு விலையோடு, அரசின் வழியே நகரத்துக்கு வந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

பெஞ்சு எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

மேற்கூறியவற்றால் ஒரு முடிவு புலப்படுகிறது. அறச்சோறு முழுமையாகச் செய்ய இயலாத ஒன்றை விலைச்சோறு ஓரளவு செய்தது. பந்தியில் இன்னார் இங்கே என்று வரிசை இருந்தது. கடைப்பெஞ்சில் காசு கொடுத்தவர் எவரும் அமரலாம். யார் சமைத்தார் என்று அறியாமலும், அருகில் இருப்பவர் யார் என்று கேளாமலும் உண்ணும் பழக்கம் தொழில் நகரத்தில் வேரூன்றியது.

இம்மாற்றத்தை மிகைப்படுத்தவும் கூடாது. கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீடித்தது. அதனை எதிர்த்துப் போராட்டங்கள் நடைபெற்றன. 2018 ஆம் ஆண்டு அவிநாசி வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதைச் சாதி இந்துக்கள் சிலர் எதிர்த்தனர். அவருக்கு இடமாற்ற ஆணை வழங்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. திருப்பூர்ப் பரோட்டாக் கடையில் யார் பிசைந்த மாவு என்று கேளாதவர்கள் வாழும் அதே மாவட்டத்தில், பிள்ளைகளின் தட்டில் யார் சமைத்த சோறு என்ற கேள்வி எழுந்தது. நகரத்தின் பெஞ்சில் தளர்ந்த கட்டு, ஊர் எல்லையைத் தாண்டியதும் மீண்டும் இறுகுகிறது. சாதிப்பெயர் தாங்கிய உணவகப் பலகைகள் தமிழக நகரங்களில் இன்றும் உள்ளன என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடக்கிலிருந்து வந்த அடுப்பு

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் திருப்பூரின் தொழிலாளர் வரவு திசை மாறியது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரயில் நிலையத்தையும் காதர்பேட்டையையும் சுற்றியுள்ள தெருக்களில் கேட்கும் மொழிகளே இதற்குச் சான்று. பின்னலாடை வணிகத்துக்காக நைஜீரியர் முதலிய ஆப்பிரிக்க நாட்டவரும் இந்நகரில் தங்கினர்.

மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் இடம்பிடித்தது. பானிபூரி வண்டிகள் பள்ளி வாசல்கள்வரை சென்றன. கோதுமை மாவு உருண்டைக்குள் வறுகடலை மாவை வைத்துச் சுடும் லிட்டியும், அதற்குத் துணையாகக் கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் மசித்த சோக்காவும் பீகாரியரின் உணவு. அவ்வறுகடலை மாவுக்கு அவர்கள் மொழியில் ‘சத்து’ என்று பெயர். தமிழரின் சத்துமாவோடு ஒலியால் ஒன்றுபடினும் பிறப்பால் வேறான சொல் அது. ஒடிசாவினர் விரும்பியுண்ணும் பகாலா, நீரூற்றி வைத்த சோறே. தமிழரின் பழைய சோற்றுக்கு உடன்பிறப்பு. இரு மொழியினரும் ஒரே பழைய சோற்றை இரு பெயரிட்டு அழைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காம்பவுண்டில் வாழ்கின்றனர்.

பானிபூரியைத் திருப்பூர் ஏற்றுக்கொண்டது. லிட்டியை இன்னும் ஏற்கவில்லை. தெருவோரச் சிறுதீனியாக வந்ததை எல்லோரும் சுவைத்தனர். உணவாக வந்தது, வந்தவரிடமே தங்கிவிட்டது. மதுரைப் பரோட்டாவுக்கு ஒரு தலைமுறைக்குள் கிடைத்த இடம், வடக்கின் உணவுக்குக் கிடைக்க மொழியும் தடையாக நிற்கிறது.

அடுப்பு அணைந்த நாட்கள்

உணவகத்தின் அடுப்பு தொழிலின் நாடித்துடிப்பைக் காட்டுவது. 1984 ஆம் ஆண்டு பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. கூலி நின்ற வீட்டில் உலை தாழும்போது, கணக்கு எழுதிச் சோறிட்ட கடையின் உலையும் தாழும். 2011 ஆம் ஆண்டு சனவரியில் நொய்யல் மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆறு பிழைக்க வேண்டும் என்பது நியாயம். உழைப்பவர் உண்ண வேண்டும் என்பதும் நியாயம். இவ்விரண்டும் மோதிய இடமாகத் திருப்பூர் நின்றது. அம்மோதலின் முன்கதையைச் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) நாவல் முன்பே பதிவு செய்திருந்தது. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் முதலில் கலங்கிய ஊர்களுள் திருப்பூர் ஒன்று.

இவற்றினும் கொடியது 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ஊரடங்கு. ஆலைகளும் உணவகங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. அறையில் அடுப்பில்லாமல் கடையை நம்பி வாழ்ந்தவர்கள் உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மே மாதம் சிறப்பு இரயில்களில் வடமாநிலத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். விலைச்சோறு நின்றபோது, விலையில்லாச் சோறிட முன்வந்த தன்னார்வலர் பலர் இருந்தனர் என்பது ஆறுதல். ஓர் ஊரில் பல ஆண்டுகள் உழைத்தும், கடை மூடிய மறுநாள் உண்ண ஒரு வீடில்லாமற் போவோர் இத்தனை பேர் என்பது அன்று தெரிந்த உண்மை.

2023 ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. அச்சத்தில் பலர் ஊருக்குப் புறப்பட்டனர். பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்தது. காணொளிகள் பொய்யானவை என்பது தெளிவாயிற்று. ஆயினும் அப்பொய் அத்துணை விரைவாக நம்பப்பட்டது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது. ஒருவரையொருவர் அறிந்தவரிடையே வதந்தி எளிதில் பரவுவதில்லை. ஒரே பெஞ்சில் உண்டு பழகாதவர்களிடையே அது தீப்போலப் பரவும்.

நிறைவாக

விருந்து என்னும் சொல்லுக்குத் தமிழில் உணவு என்பது முதற்பொருள் அன்று. புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வந்தவரும் விருந்து. அவருக்கு இடும் உணவும் விருந்து. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தை வைத்து, புதிதாகப் புனையும் யாப்பை அப்பெயரால் குறிக்கிறது. திருக்குறள் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே அளிக்கிறது. புதியவரையும் புதிய பாட்டையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியில் எழுதும் கவிஞர்களுக்குத் திருப்பூர் போன்ற நகரங்கள் ஒரு பணியை முன்வைக்கின்றன.

கதர் ஊரில் காப்பி கிளப்புக்கு வந்தவர், பனியன் ஊரில் பரோட்டாவுக்கு வந்தவர், இன்று லிட்டி சுட்டு உண்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு காலத்தின் விருந்தினர். முன்னிருவரின் பேரப்பிள்ளைகள் இன்று திருப்பூர்க்காரர்கள். மூன்றாமவரின் பிள்ளைகளும் அவ்வாறு ஆவார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. மெஸ்ஸின் கணக்கு நோட்டும், வாசலில் சுண்ணக்கட்டியால் எழுதி அழிக்கும் அன்றைய உணவுப் பட்டியலும், மூடப்பட்ட கடைகளின் பலகைகளும் எந்த ஆவணக் காப்பகத்திலும் சேர்க்கப்படுவதில்லை. அவற்றைக் கண்டு எழுதிவைக்க இலக்கிய அமைப்புகளால் இயலும். உண்டவர் பெயரையும் சமைத்தவர் பெயரையும் கேட்டு எழுதுவதே அதற்குத் தொடக்கம்.